நெத்திலியின் பிறந்த நாடு

கடலுக்கு அக்கரையில், அடுத்த நாட்டில் வாக்கப்பட்ட மகளுக்கு மசக்கை. அம்மா காயவைத்த நெத்திலிக் கருவாட்டைத் தவிர எதுவும் உள்ளே இறங்கவில்லையாம். மகளைப் பார்க்கப் போக அம்மா சிங்காரவல்லிக்கு மூன்று முறை விசா மறுத்துவிட்டார்கள். கருவாடாவது போகட்டும் என்று நாகப்பட்டினம் துறைமுகத்தின் பார்சல் வரிசையில் நின்றாள்.

‘இரு நாடும் ஒரே சந்தை’ என்ற பலகையின் கீழே சுங்க அதிகாரி கால்மேல் கால் போட்டிருந்தார்.

“இது எந்த நாட்டு மீன்? பிறந்த இடத்துக்குச் சான்றிதழ் கொண்டா.”

“அங்க முட்டையிலேருந்து பொரிஞ்சிருக்கும், இங்க வலையில விழுந்துச்சுய்யா. உங்க தலைக்கு மேல எழுதியிருக்கறத இது ஒண்ணுதான் நம்பிச்சு.”

வரிசை சிரித்தது. அதிகாரி முத்திரையைக் குத்திப் பையைத் தள்ளினார்.

அவள் நகரவில்லை. உள்ளங்கையை விரித்து நீட்டினாள்.

“இதுலயும் ஒண்ணு குத்துங்கய்யா. கருவாட்டோட கருவாடா நானும் போயிடுறேன்.”