ஐந்து முத்திரை

தீயணைப்பு வீரர் ஓய்வூதியச் சங்கத்துக்குக் குப்புராஜ் என்று ஒரு செயலாளர் இருந்தார். அவருக்கு ரப்பர் முத்திரை என்றால் உயிர். மேசையில் ஐந்து வைத்திருந்தார். எந்தக் காகிதம் வந்தாலும் ஐந்தையும் குத்திவிடுவார்.

தீயணைப்பு வீரரான புருஷனைத் தீவிபத்தில் பறிகொடுத்த செங்கமலம் ஒருநாள் அவர் முன்னால் வந்து நின்றாள்.

"எனக்கு பென்ஷன் கிடையாதுன்னுட்டீங்க. எதனாலன்னு பார்க்கணும், எங்க வீட்டுக்காரர் ஃபைலைக் காட்டுங்கய்யா. தகவல் உரிமைச் சட்டம் இருக்காமே."

"அதெல்லாம் அரசாங்க ஆபீசுக்கும்மா. இது தனிச் சங்கம். அந்தச் சட்டம் இந்த வாசப்படி ஏறாது."

"சரிங்கய்யா. அதையே எழுதிக் குடுத்துருங்க. நான் வாயால சொன்னா யார் நம்புவாங்க? உங்க முத்திரை அத்தனையும் போட்டுருங்க."

குப்புராஜுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஐந்தையும் குத்திக் கொடுத்தார்.

செங்கமலம் அங்கேயே நின்று எழுத்துக்கூட்டிப் படித்தாள். "கடைசி முத்திரையில 'பொதுத் தகவல் அலுவலர்'னு இருக்குதே, அது யாருங்கய்யா?"

"நான்தான்" என்றார் பெருமையாக.

"அந்தப் பதவி எந்தச் சட்டத்துல வந்ததுங்கய்யா?"

பின்னால் பென்ஷன் வரிசையில் நின்ற பழைய வீரர்கள் சிரித்துவிட்டார்கள். "தகவல் சட்டத்துலதான்மா! குப்புராஜு, வாசப்படி ஏறாத சட்டம் உன் மேசை மேல உட்கார்ந்திருக்கேய்யா!"

குப்புராஜ் பீரோவைத் திறந்தார். ஃபைலுக்குள் பென்ஷன் கேட்டுச் செங்கமலம் அனுப்பிய மனு உறையோடு இருந்தது. உறையை யாரும் பிரிக்கவே இல்லை. அதன் மேல் ஐந்து முத்திரையும் பளிச்சென்று இருந்தன.