ஆடாத ஆஸ்பத்திரி

சுணங்கநல்லூரில் அறிவுக்குத்தான் பஞ்சம், அறிவாளிகளுக்கு இல்லை. அவர்களில் மூன்று பேர் சேர்ந்து ஆஸ்பத்திரிக் கமிட்டி வைத்திருந்தார்கள். தலைவர் அங்கண்ணனுக்குக் காலில் ஆறாத புண். கட்டு மாற்ற ஒருநாள் விட்டு ஒருநாள் முப்பது கிலோமீட்டர் பஸ்ஸில் நின்றுகொண்டே போய்வருவார். உள்ளூரில் ஓர் ஆஸ்பத்திரி வராதா என்று மனுஷன் தவியாய்த் தவித்தார்.

இடம் பார்த்தாயிற்று. பூகம்பம் வந்தால் அந்த நிலம் எவ்வளவு ஆடும், அடியில் மண்ணா பாறையா என்று தெரிந்தால்தான் கட்ட அனுமதி. ஜப்பான், இத்தாலி, நம் நாடு என மூன்று நாட்டு ஆராய்ச்சிக்காரர்கள் சேர்ந்து பார்த்த வேலை அது. நம் பக்கத்துப் பேராசிரியை தேன்மொழி வந்து, அதிர்வை அளக்கும் பெட்டியைக் குழியில் புதைத்தார்.

"ஏழு நாளைக்கு இதுகிட்ட யாரும் நடக்கக்கூடாது. நீங்கதான் பாத்துக்கணும்."

இந்தக் கூட்டத்தை நம்பிச் சொன்னார் பாருங்கள், அதுதான் அந்தம்மா செய்த ஒரே தப்பு.

மூவரும் பெட்டியை ஒட்டியே காவல் நின்றார்கள்.

"நாம நடக்கலாமுங்களா தலைவரே?" என்றான் செங்கோடன்.

"கூடாதுன்னு சொல்லியிருக்காங்களே. ஓடு!"

ஓடினார்கள். வெற்றிலை துப்பக்கூட ஓட்டம்தான். புண்காலோடு தலைவரும் நொண்டி நொண்டி ஓடினார்.

மூன்றாம் நாள், ஊருக்கு விஷயம் தெரியாதே என்று கவலை வந்தது. பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று, "இங்க யாரும் வரக்கூடாது!" என்று தமுக்கு அடித்தார்கள். என்னவோ ஏதோ என்று ஊரே அங்கு வந்துவிட்டது.

"சுத்தி அகழி வெட்டிப்புடலாமுங்க" என்றான் பச்சமுத்து. மூளையில்லாதவனுக்கு யோசனைக்கா குறைச்சல்? ஜேசிபி வந்து ரெண்டு நாள் வெட்டியது.

எட்டாம் நாள் தேன்மொழி பத்ரகாளியாக வந்து இறங்கினார்.

"ஜப்பான்காரங்க போன் மேல போன் போடறாங்க. இத்தாலிக்காரர் தலையில கைய வச்சு உக்காந்துட்டார். நிலம் நல்ல நிலம்யா! பத்தடியில பாறை. நீங்க சாப்பிடப் போன நேரமெல்லாம் ஒரு அசைவு இல்ல. ஆள் வந்தா ஆடுது, போனா நின்னுடுது!"

அந்தச் சாப்பாட்டு நேரக் கணக்கை வைத்தே அவர் அனுமதி வாங்கிக் கொடுத்தார். நல்ல மனசு.

ஆஸ்பத்திரி எழும்பியது. திறப்பு விழா அன்று அங்கண்ணன் சாவியோடு வாசலில் நின்றுவிட்டார்.

"அந்தம்மா என்னப்பா சொன்னாங்க?"

"ஆள் வந்தா ஆடும், போனா நின்னுடும்னாங்க."

"அப்ப உள்ள ஆள விட்டா?"

"ஆஸ்பத்திரி போச்சுங்க!"

மூவருக்கும் குப்பென்று வியர்த்தது. நல்லவேளை, சரியான நேரத்தில் கண்டுபிடித்தார்கள். கதவைப் பூட்டினார்கள். வேலைக்கு வந்த டாக்டரையும் விரட்டிவிட்டார்கள்.

அங்கண்ணன் இப்போதும் கட்டு மாற்ற அதே பஸ்ஸில்தான் போகிறார். ஆஸ்பத்திரி கிட்டே வந்ததும் கண்டக்டரிடம் கெஞ்சுவார்: "மெதுவா போகச் சொல்லு சாமி, ஆடிடப் போகுது. என் காலுக்குன்னு இருக்கறது இந்த ஒரு ஆஸ்பத்திரிதான்!"