இருபத்தோராவது பீடம்

"என் குலசாமி பேர் என்ன தாயி? அதை மட்டும் சொல்லிட்டா நான் ஊர் போய்ச் சேர்ந்துடுவேன்."

கேட்டவர் மாசிலாமணி. மலேசியாவில், ஈப்போவில் முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். வயது அறுபத்திரண்டு.

பேத்திக்கு மூன்று வயதாகியும் முதல் முடி இறக்கவில்லை. குலசாமிக்குத்தான் இறக்க வேண்டும். அந்தச் சாமியின் பேரோ வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. கொள்ளுத்தாத்தா கப்பலேறியபோது அவருக்குக் கொடுத்த காகிதத்தில் ஊர்ப்பேர் இருந்தது, ஊசிலங்குளம் என்று. அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கடல் தாண்டி வந்துவிட்டார்.

ஊரில் அவருக்குப் பங்காளி என்று ஒரு குடும்பம்கூட மிச்சமில்லை. டீக்கடைக்காரர்தான் கையைக் காட்டினார். கண்மாய்க்கரைக் கோயிலில் முத்திருளாயி இருப்பாள், அவளுக்குத் தெரியாதது கிடையாது, ஆனால் கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லி யாரும் பார்த்ததில்லை என்றார்.

முத்திருளாயிக்கு நாற்பது வயதிருக்கும். அந்தக் கோயில் பூசை அவள் கையில்.

அவர் கேட்டதற்கு அவள் விளக்குமாற்றை நீட்டினாள்.

"பீடத்தைச் சுத்திக் கூட்டுங்கண்ணே."

கூட்டினார். சருகெல்லாம் காற்றோடு திரும்பி வந்தது. லாரி ஓட்டின கைக்கு இது வளையவில்லையே என்று அவள் சிரித்தாள்.

இருபத்தொரு சாமி உள்ள கோயில் என்று டீக்கடைக்காரர் சொல்லியிருந்தார். மாசிலாமணி பீடங்களை எண்ணிப் பார்த்தார். இருபதுதான் இருந்தது. வரிசையின் கடைசியில், பீடம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னப் பள்ளம்.

"இது?"

"அதையும் கூட்டுங்க."

பள்ளத்துக்குள் ஒரு சருகுகூட இல்லை. குனிந்து பார்த்தார். யாரோ மண்ணை அள்ளின ஐந்து விரல் தடம் அப்படியே பதிந்திருந்தது. சும்மா தன் விரலை அதில் வைத்தார்.

அளவெடுத்த மாதிரிப் பொருந்தியது.

வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டார்.

உச்சி வெயில் ஏறியது. ஒரு காக்கைச் சத்தம்கூட இல்லை. முத்திருளாயி ஒரு செம்புத் தண்ணீரைப் பள்ளத்தில் ஊற்றினாள். மண் உறிஞ்சவில்லை. மடக் மடக்கென்று யாரோ குடிக்கிற சத்தம் கேட்டது. தண்ணீர் போய்விட்டது.

"ரொம்ப தூரம் நடந்து வந்த தாகம்," என்றாள்.

"யாருக்கு?"

"நாளைக்கு வாங்கண்ணே."

*

மறுநாள் அவளாகவே கொஞ்சம் சொன்னாள். பிழைக்கப் போகிறவர்கள் சாமி காலடியிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துப் போவது வழக்கமாம். மண் போகிற இடத்துக்குச் சாமியும் கூடவே போய்விடுமாம். அவருடைய கொள்ளுத்தாத்தா அள்ளின இடம்தான் அந்தப் பள்ளம். அன்றிலிருந்து அங்கே பீடம் கட்டவில்லை.

மாசிலாமணிக்கு ஒரு யோசனை வந்தது. பேர் தெரியாவிட்டால் என்ன, நானும் ஒரு பிடி எடுத்துப் போகட்டுமா என்று கேட்டார். அவள் தடுக்கவில்லை.

அள்ளினார். இறுக்கி மூடினார். கோயில் எல்லையில் நின்ற வேப்பமரம் வரை போய்க் கையைத் திறந்தார்.

ஒன்றும் இல்லை. உள்ளங்கையில் தூசிகூட ஒட்டவில்லை.

மூன்று தரம் அள்ளினார். மூன்று தரமும் அப்படித்தான்.

"வரமாட்டேங்குது," என்றாள் முத்திருளாயி.

"ஏன் தாயி?"

"உங்க வீட்டுக்குத்தான் ஒரு பிடி குடுத்தாச்சே. அது எங்கே?"

"வீட்டிலே பத்திரமா இருக்கு."

அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவருடைய தோளுக்குப் பின்னால் பார்த்து, பொறு என்பது போலக் கையைக் காட்டினாள்.

அவர் திரும்பினார். யாரும் இல்லை.

சாயங்காலம் மகள் கோமதி ஈப்போவிலிருந்து கூப்பிட்டாள். பிள்ளைக்கு முடி கண்ணில் விழுகிறது, பேர் கிடைத்ததா அப்பா என்று கேட்டாள். சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டார்.

*

மூன்றாம் நாள் அவராகவே விளக்குமாற்றை எடுத்தார். கூட்டினார். சருகையெல்லாம் ஒரே குவியலாகக் குவித்துவிட்டுப் பள்ளத்துக்கு எதிரே உட்கார்ந்து உள்ளதைச் சொன்னார்.

ஈப்போ வீட்டுச் சாமி மாடத்தில் அம்மா காலத்திலிருந்து மூடி போட்ட ஒரு சின்னச் செப்பு இருந்தது, மஞ்சள் துணி கட்டி. யாரையும் அவிழ்க்க விட்டதில்லை. பெண்டாட்டி வடிவாம்பாள் ஆஸ்பத்திரியில் கிடந்த நாற்பது நாளும் அவர் காலையும் மாலையும் அந்தச் செப்பின் முன்னால்தான் நின்றார். அவள் பிழைக்கவில்லை. காரியம் முடிந்த அன்று துணியை அவிழ்த்தார். உள்ளே வெறும் மண்.

லாரியில் ஏறினார். நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்தி, மழையில் கொட்டிவிட்டு வந்தார். அன்றிலிருந்து கும்பிடக் கை சேரவே இல்லை.

"மண்ணைப் போய்க் கும்பிட்டேனேன்னு ஆத்திரம் தாயி."

"எப்போ கொட்டுனீங்க?"

"போன கார்த்திகையிலே."

முத்திருளாயி வாளியிலிருந்து செம்பில் தண்ணீர் மொண்டாள்.

"தை மாசம் ஒரு உச்சியிலே பொம்பளை ஒருத்தி வந்தா. இங்கே சொட்டு மழை இல்லை, அவ முழுசா நனைஞ்சிருந்தா. தண்ணி கேட்டா. குடிச்சுட்டு, 'ராசு என்னைய ரோட்டுல இறக்கி விட்டுட்டுப் போயிட்டான், இங்கிட்டு வந்தானா'ன்னு கேட்டா. தினமும் வர்றா. தினமும் அதேதான் கேக்குறா."

மாசிலாமணி பள்ளத்திலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார்.

ராசு என்று அவரைக் கூப்பிட்டது அம்மா மட்டும்தான். அம்மா போய் முப்பது வருஷமாகிறது. அந்தப் பேர் மகளுக்குக்கூடத் தெரியாது.

"நீ என்ன சொன்னே தாயி?"

"தேடிக்கிட்டு வருவான், இருன்னேன்."

"இருக்காளா?"

"மூணு நாளா உங்க பின்னாலதானே நிக்கிறா."

வெயில் அசையாமல் நின்றது. அவர் முதுகுக்குப் பின்னால், குவித்து வைத்த சருகின் மேல், ஈரத் துணியிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது.

முத்திருளாயி செம்பை நீட்டினாள். அவர் இரண்டு கையையும் சேர்த்து வாங்கிக்கொண்டார்.

"பேர் கேக்கத்தானே வந்தீங்க? அவகிட்டயே கேளுங்கண்ணே," என்றாள். "முதல்ல தண்ணி குடுங்க."