உடும்பின் வால் நின்ற இடம்

வேங்கை மரங்கள் அடர்ந்த ஒரு காட்டில் செங்கொண்டை என்ற மரங்கொத்தி இருந்தது. மற்ற மரங்கொத்திகள் வயிறு நிறைந்ததும் கொத்துவதை நிறுத்திவிடும். செங்கொண்டை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கும். ஏழு ஏழு தட்டாகக் கணக்கு வைத்து, நடுவில் பின்னி, பிரித்து, கடைசியில் சரியாக முதல் தட்டில் வந்து நிற்கும். கேட்கத் தெரிந்தவர்களுக்கு அது மேளக் கச்சேரி. கேட்கத் தெரியாதவர்களுக்குத் தலைவலி.

அந்தக் காட்டில் தலைவலிக்காரர்களே அதிகம்.

"மரம் கொத்துறதுக்குப் பேரு கச்சேரியா? நல்லா இருக்கே கதை!" என்று சிரித்தது அணில்.

"எங்க பக்கத்துல தினமும் நாலு பேரு கொத்துறாங்க. நாங்க என்ன, உட்கார்ந்து தலையா ஆட்டுறோம்?" என்றது மயில்.

கச்சேரி கேட்க வருபவர்கள் கையோடு இரை கொண்டு வருவது அந்தக் காட்டு வழக்கம். மயில் ஆடினால் மரத்தடி நிறைய இரை குவியும். செங்கொண்டைக்கு வருவது ஒரே ஒரு இலைப் பொட்டலம். அதில் கொஞ்சம் எறும்பு முட்டை இருக்கும். கொண்டு வருவது தடிவாலி என்ற உடும்பு.

தடிவாலி அதிகம் பேசாது. மாலையில் வரும். வேங்கை மரத்தடியில் கிடந்த தட்டைக் கல்லின் மேல் படுத்துக்கொள்ளும். ஒவ்வொரு முதல் தட்டுக்கும் வாலால் கல்லில் 'டப்' என்று அடிக்கும். செங்கொண்டை எங்கேயாவது பிசகினால் அந்த வால் அப்படியே நின்றுவிடும். 'ஆகா' என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

ஒரு மாலையில் செங்கொண்டைக்குப் பொறுக்கவில்லை.

"இப்ப எதுக்கு வாலை நிறுத்தினே?"

"நாலாவது சுத்துல ஒரு தட்டை முழுங்கிட்டே."

"இந்தக் காடு முழுக்கத் தேடியும் எனக்குக் கிடைச்சது நீ ஒரு ஆள். நீயும் குறைதான் சொல்றே!"

"பிடிக்காமலா தினமும் வர்றேன்?" என்றது தடிவாலி.

அந்தப் பதில் செங்கொண்டையின் காதில் ஏறவே இல்லை. பசியோடு இருப்பவனுக்கு முன்னால் ஒரு பருக்கை வைத்தால் கோபம்தானே வரும்!

அந்தச் சமயம் பார்த்து ஓர் ஊர்சுற்றி மைனா வந்து சேர்ந்தது. நாலு தேசத்துப் பேச்சும் அதற்குத் தெரியும். வாய் ஓயாது.

"அண்ணே! உங்க அருமை இங்க எவனுக்குத் தெரியும்? கடலோரத்துல ஒரு உப்பங்கழி இருக்கு. அங்க பூநாரைங்க மட்டும் ஆயிரக்கணக்கில. மரமே கிடையாது. மரங்கொத்தியை அவங்க கண்ணால பார்த்ததே இல்லை. நீங்க ஒரு தட்டு தட்டினாப் போதும், தலையில தூக்கி வச்சுக்குவாங்க!"

"மரமே இல்லாம எதுல தட்டுறது?"

"ஒரு உடைஞ்ச படகு கவிழ்ந்து கிடக்கு. என்ன சத்தம் வரும் தெரியுமா! வர்ற இரையில எனக்குக் கொஞ்சம் ஒதுக்குங்க, மத்ததை நான் பார்த்துக்கறேன்."

மறுநாளே செங்கொண்டை கிளம்பிவிட்டது. தடிவாலி கல்லின் மேலிருந்து அண்ணாந்து பார்த்தது.

"பதினோரு தட்டுல புதுசா ஒண்ணு போட்டுக்கிட்டு இருந்தியே, அது இன்னும் சரியா வரல. அதை முடிச்சிட்டுப் போயேன்."

"அங்க போய் முடிச்சுக்கிறேன்!"

"எப்ப வருவே?"

அதற்குள் செங்கொண்டை மைனாவின் பின்னால் பறந்துவிட்டது.

மைனா சொன்னது பொய்யில்லை. உப்பங்கழியில் அப்படி ஒரு கூட்டம். செங்கொண்டை படகின் மேல் முதல் தட்டு தட்டியதுமே பூநாரைகள் ஒற்றைக் காலில் நின்றபடி இறக்கைகளை அடித்து ஆர்ப்பரித்தன. கச்சேரி முடிந்ததும் கூனி இறால் குவியல் குவியலாக வந்தது. காட்டில் பத்து வருடம் வாசித்தாலும் அவ்வளவு இரையைப் பார்த்திருக்க முடியாது.

"எப்படிண்ணே? நான் சொன்னேன்ல!" என்று குதித்தது மைனா.

செங்கொண்டை ஓர் இறாலை வாயில் போட்டுப் பார்த்தது. உப்பு! துப்பிவிட்டது. குவியலை மைனாவிடம் தள்ளிவிட்டு, படகின் அடியில் ஊர்ந்த நாலு எறும்பைத் தின்று படுத்தது. ஆனால் மனம் நிறைந்திருந்தது. எல்லாம் பேர் கிடைத்த சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம் ஒரு மாதம் இருந்தது.

ஒரு நாள் பதினோரு தட்டை வாசிக்கும்போது செங்கொண்டை நடுவில் அசிங்கமாகத் தடுமாறியது. கணக்கு எங்கேயோ போய்விட்டது. வெட்கத்தில் அலகு படகிலேயே ஒட்டிக்கொண்டது. அப்படியே கீழே பார்த்தது.

பூநாரைகள் ஆர்ப்பரித்தன!

"ஐயா, இன்னிக்கு வாசிச்சது ரொம்பப் பிரமாதம்!" என்றது முன்வரிசைப் பூநாரை.

"தப்பா வாசிச்சேனே..."

"தப்பா? உங்களுக்கா! என்ன அடக்கம் பாருங்க!" என்று அது பக்கத்துப் பூநாரையிடம் சொல்லி நெகிழ்ந்தது.

அதன் பிறகு செங்கொண்டை வெறியோடு பழகியது. பத்து நாள் கழித்து ஒரு மாலையில், பதினோரு தட்டு முதன்முறையாகச் சரியாக வந்து அமர்ந்தது. ஒரு தட்டுகூடப் பிசகவில்லை. அது செங்கொண்டையின் வாழ்நாளிலேயே மிகச் சிறந்த வாசிப்பு. பழக்கத்தில் குனிந்து பார்த்தது. கீழே கல் இல்லை, வால் இல்லை. சேறும் சிவந்த கால்களும்தான் இருந்தன.

பூநாரைகள் ஆர்ப்பரித்தன. தடுமாறிய அன்றைக்கு எவ்வளவோ, அதே அளவு. ஓர் இறகு கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

ஆயிரம் பேர் நடுவில் செங்கொண்டைக்கு அழுகை வந்தது. தான் இங்கே இல்லாமல் போனால்கூட இவர்களுக்குப் படகின் சத்தம் மட்டும் போதும் போலிருந்தது அதற்கு. தடிவாலிக்கு இதை ஒரு முறை வாசித்துக் காட்ட வேண்டும். ஒரே ஒரு முறை! கடைசி வரை அந்த வால் நிற்காமல் அடிப்பதைக் கேட்க வேண்டும்.

"அண்ணே, சீசன் நடுவுல போறேங்கறீங்களே!" என்று மைனா கத்தியது. செங்கொண்டை திரும்பிப் பார்க்காமல் பறந்தது.

ஆனால் மைனாவின் வாய் செங்கொண்டையின் இறக்கையைவிட வேகமானது. காடு வந்து சேர்வதற்குள் செய்தி பரவிவிட்டது. வேங்கை மரத்தடியில் மானும் கரடியும் முயலும் திரண்டிருந்தன. ஆளுக்கொரு இலைப் பொட்டலம். முன்வரிசையில் மயில்.

"நம்ம காட்டுப் பிள்ளை! கடல் வரைக்கும் பேரு வாங்கிட்டு வந்திருக்கு!" என்றது மயில்.

"நான் அப்பவே சொன்னேன், இதுகிட்ட ஏதோ இருக்குன்னு!" என்றது அணில்.

செங்கொண்டை முதலில் தட்டைக் கல்லைத் தேடியது. கல்லின் மேல் இரண்டு முயல்கள் வசதியாக உட்கார்ந்திருந்தன.

"தடிவாலி எங்கே?"

"எது, அந்த உடும்பா?" என்று அணில் யோசித்தது. "நீ போன பிறகும் தினமும் சாயங்காலம் வரும். பொட்டலமும் கொண்டு வரும். யாருமே வாசிக்கல, அது பாட்டுக்குக் கல்லுல வாலைத் தட்டிக்கிட்டுப் படுத்திருக்கும். நாங்ககூடச் சிரிப்போம். அப்புறம் ஓடையில தண்ணி வத்திப் போச்சு. எங்கேயோ போயிடுச்சு. எந்தத் திசைன்னு யாரும் பார்க்கல."

செங்கொண்டை மூன்று நாள் தேடியது. ஓடைக்கரைப் பொந்துகள் எல்லாவற்றிலும் தலையை விட்டுக் கூப்பிட்டது. தடிவாலி கிடைக்கவில்லை.

நாலாம் நாள் கூட்டம் பொறுமை இழந்து கூச்சல் போட்டது. செங்கொண்டை வேங்கை மரத்தில் ஏறிப் பதினோரு தட்டை வாசித்தது. நாலாவது சுற்றில், வேண்டுமென்றே, ஒரு தட்டை முழுங்கியது. உடனே நிறுத்திவிட்டுக் காதைக் கீழே சாய்த்தது. 'பிசகிட்டே' என்று ஒரு குரல் எங்கிருந்தாவது வராதா?

காடே ஆர்ப்பரித்தது.

இன்றைக்கும் செங்கொண்டை தினமும் மாலையில் வாசிக்கிறது. மரத்தடி கொள்ளாமல் இரை குவிகிறது. தினமும் அதே நாலாவது சுற்றில் ஒரு தட்டை விட்டுவிட்டு, சற்று நேரம் நிறுத்தி, கல்லைப் பார்க்கிறது. கூட்டத்துக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். அந்த இடம் வந்ததும் மயில் கண்ணை மூடிக்கொண்டு, "இந்த நிறுத்தத்துக்கே பொட்டலம் ரெண்டாக் கொடுக்கலாம்!" என்கிறது.

உள்ளூரும் வெளியூரும் சேர்ந்து கொண்டாடினாலும், நம் பிழையைக் கண்டுபிடிக்கும் அளவுக்குக் கவனித்துக் கேட்ட ஒருவரை அலட்சியமாக விட்டுப் போனவர், அத்தனை கூட்டத்துக்கு நடுவிலும் தனியாகத்தான் இருக்க வேண்டும்.