செக்கடிப் பக்கம் வெயில் ஜாஸ்தி

ஆவுடையப்பனுக்கு வயது ஐம்பத்திரண்டு. அவர் குருவாக ஏற்றுக்கொண்ட செங்கமலத்தம்மாவோ அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். மடத்து வழக்கப்படி சீடர்கள் ஆண்டுக்கு ஒருநாள் பட்டணம் போய், ஏதாவது ஒரு பேட்டையில் வீடு வீடாகப் பிடியரிசி வாங்கி வர வேண்டும். எந்தப் பேட்டை என்பது அவரவர் இஷ்டம்.

நாளை ஆவுடையப்பன் முறை. காலையிலிருந்து மனுஷருக்குக் கஞ்சி இறங்கவில்லை.

"அம்மா, மணிக்கூண்டா, செக்கடியா? நீங்களே சொல்லிடுங்க."

அம்மா ஒரு செம்பு நிறையத் தண்ணீரை அவர் கையில் கொடுத்தார்.

"குடிக்காதீங்க. பிடிச்சுக்கிட்டே சொல்லுங்க. மணிக்கூண்டு எப்படி?"

"அதுக்கென்னம்மா, தினமும் திருவிழாதான்! பூக்கடை, வளையல்கடை, சுடச்சுட அல்வா. ஜனங்களுக்கும் தாராள மனசு."

"செக்கடி?"

தண்ணீர் தளும்பி அவர் காலை நனைத்தது.

"அங்கேயும் கூட்டந்தான். ஆனா ஒரே இரைச்சல். மீன் சந்தை நாத்தம். மாடு முட்டும். வெயிலும் ஜாஸ்தி."

இரண்டு பேட்டைக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு பாலம். அதற்கு அந்தப் பக்கம் மட்டும் வெயில் ஜாஸ்தியாம்! பயந்தவனுக்குக் காரணமா கிடைக்காது?

"செக்கடியில யார் இருக்கா?"

ஆவுடையப்பன் செம்பைக் கீழே வைத்தார்.

"என் சம்சாரம். மகள். கடைக்குப் போயிட்டு வரேன்னு சொல்லிட்டுத்தான் கிளம்பினேன். பதினோரு வருஷமாச்சு."

"அடிப்பாங்கன்னு பயமா?"

"அடிச்சாத் தேவலையே! 'வாங்க'ன்னு கூப்பிட்டுட்டா? எந்த முகத்தோட உள்ளே போவேன்?"

அம்மா செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் விடிந்ததும் ஆவுடையப்பன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றார். கண்கள் சிவந்திருந்தன.

"மணிக்கூண்டுக்கே போறதா முடிவு பண்ணிட்டேன். போயிட்டு வரேம்மா."

"அந்த வார்த்தையை ஏற்கெனவே ஒரு வாசல்ல சொல்லி வெச்சிருக்கீங்க. இங்கே 'போறேன்'னு சொல்லுங்க."

ஆவுடையப்பன் காதைப் பொத்திக்கொண்டார்.

"ஐயையோ! திரும்பி வராதவன் சொல்ற சொல்லாச்சே அது! வாசல்ல நின்னு அப்படிச் சொல்லலாமா?"

"அன்னைக்கே அதைச் சொல்லியிருந்தீங்கன்னா, அவங்களும் கதவைச் சாத்திட்டுத் தூங்கியிருப்பாங்களே" என்றார் அம்மா.