தப்புல விழுந்த விரிசல்

டேய், போனையெல்லாம் கவுத்து வைங்கடா. போன தடவ புதிர் போட்டப்ப பாதிப் பேரு தூங்கிட்டீங்க, மீதிப் பேரு தூங்கறவன் மூஞ்சில மீசை வரைஞ்சுக்கிட்டிருந்தீங்க. இன்னிக்குக் கதை பாறையைப் பத்தி. உடனே கொட்டாவி விடாதீங்க, உங்க மண்டைய விட அது கொஞ்சம் இளகினதுதான்.

திருச்சியில ஒரு காலேஜு. அங்க நிலவியல்ல ஆராய்ச்சி பண்ற பொண்ணு அமலி. அவ வேலை, பாறையைக் கம்ப்யூட்டருக்குள்ள வெச்சு இழுக்கறது. ரெண்டு அல்வாத் துண்டுக்கு நடுவுல ஒரு கடலமிட்டாயை ஒட்டி வெச்சு, ரெண்டு பக்கமும் புடிச்சு இழுத்துப் பாருங்க. அல்வா நீளும். கடலமிட்டாய் நீளுமா? படக்குன்னு விரியும். இன்னும் இழுத்தா இன்னொரு விரிசல், அதுக்கும் இதுக்கும் நடுவுல இன்னொண்ணு. ஒரு அளவுக்கு மேல புதுசா விரியாது, இருக்கற விரிசலே வாயைப் பொளக்கும். களிமண்ணுக்கு நடுவுல மாட்டின சுண்ணாம்புப் பாறையும் அப்படித்தான். அரியலூர்ப் பக்கம் போயி, மண்டை காயற வெயில்ல, விரிசலுக்கு விரிசல் டேப் புடிச்சு அளந்துட்டு வந்து ரெண்டு வருசம் உக்காந்து புரோகிராம் எழுதினா.

பாறையைக் குட்டிக் குட்டிக் கட்டமா பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் இவ்வளவு பலம்னு ஒரு நம்பர் கொடுக்கணும். நிஜப் பாறை ஒரே சீரா இருக்காதுல்ல, அதனால பன்னண்டுங்கற சராசரியை ஒட்டி முன்னப்பின்ன குலுக்கிப் போடுவா. ஓட்டற ஒவ்வொரு தடவையும் குலுக்கல் வேற. அப்ப முதல் விரிசலும் வேற வேற எடத்துலதானே விழணும்? இவளுக்கு மட்டும் எப்ப ஓட்டினாலும் இடது பக்கம் அதே எடத்துல விழுந்துச்சு.

நாலு மாசம் கழிச்சுத்தான் கண்டுபுடிச்சா. நூத்திப் பதினாறாவது வரிசைக்குப் பன்னண்டுன்னு அடிக்கறதுக்குப் பதிலா ஒண்ணு புள்ளி ரெண்டுன்னு அடிச்சு வெச்சிருக்கா. அந்த எடத்துல பாறை இல்ல, அப்பளம் இருந்திருக்கு.

இதை அவ ஒரே ஒருத்தன்கிட்டதான் சொன்னா. கூடப் படிச்சிட்டு பாதியில நின்னுட்ட ஒரு சிநேகிதன். லேபு கம்ப்யூட்டர் எப்ப மண்டையப் போடும்னு தெரியாதுன்னு, எல்லா வேலைக்கும் ஒரு காப்பி பென்டிரைவ்ல போட்டு அவன்கிட்ட கொடுத்து வெச்சிருப்பா.

"யார்கிட்டயும் மூச்சு விடாத. திருத்தி மறுபடி ஓட்ட மூணு வாரம் ஆவும்."

"என்கிட்ட சொன்னா கெணத்துல போட்ட கல்லு மாதிரி"ன்னான் அவன்.

ஆனா மூணு வாரம் கிடைக்கல. பத்தே நாள்ல செமினார். ஜெர்மனியிலேர்ந்து ரெண்டு பேர் வந்து, அவங்க லேபுல ஒரு வருசம் வேலை பாக்க ஒரே ஒரு ஆளை எடுக்கறாங்க. "சீட்டு உனக்குத்தாம்மா"ன்னு புரொபசர் அருணகிரி முன்னாடியே சொல்லியிருந்தாரு. அளந்ததை மட்டும் காட்டிட்டு, கம்ப்யூட்டர் மாடலுக்கு டைம் கேக்கலாம்னு அமலி போய் உக்காந்தா.

இவளுக்கு முன்னாடி பேச எந்திரிச்சது சிவநேசன். பக்கத்து டேபிள்காரன். தினம் இவ டிபன் பாக்ஸைத் தொறக்கறதுக்கு முன்னாடி அவன் கை அதுக்குள்ள இருக்கும். முதல் படமே அவளோட பாறை. அவ வெச்ச கலரைக்கூட மாத்தல.

"எத்தனை தடவை ஓட்டினாலும் முதல் விரிசல் இதே இடத்துலதான். இயற்கை தன்னோட முதல் காயத்தைத் தானே தேர்ந்தெடுக்குது!"

கைதட்டினாங்க. அவ பண்ணின டைப்பிங் தப்புக்கு அவன் தத்துவம் சொல்லிக்கிட்டிருக்கான். அமலிக்கு சிரிப்பு தொண்டை வரைக்கும் வந்து அப்படியே கசந்துபோச்சு. திரும்பி அருணகிரி சாரைப் பாத்தா. நாலு மாசமா இதே படத்துல இதே விரிசலைச் சிவப்புப் பேனாவால சுழிச்சுக் கொடுத்தவரு அவருதான். இப்ப மூக்குக் கண்ணாடியக் கழட்டித் தொடைக்க ஆரம்பிச்சாரு. கடைசிப் படத்துல நேசன் பேருக்குக் கீழ அவர் பேரும் இருந்துச்சு.

வாய மூடினா ரெண்டு வருச உழைப்பு நேசனுக்கு. தொறந்தா, தன்னோடதுன்னு காட்ட அவகிட்ட இருக்கற ஒரே சாட்சி அந்தத் தப்புதான். அதைச் சொன்னா தன் சீட்டும் காலி. எந்திரிச்சா.

"நேசா, நூத்திப் பதினாறாவது வரிசைக்கு என்ன பலம் கொடுத்திருக்க?"

"எல்லா வரிசைக்கும் போலத்தான். பன்னண்டை ஒட்டி."

"தொறந்து காட்டு."

தொறந்தான். ஒண்ணு புள்ளி ரெண்டு.

"அது என் தப்பு. நான் அடிச்சது"ன்னா அமலி.

சீட்டு வேற காலேஜுக்குப் போயிடுச்சு.

வெளிய வராந்தாவுல நேசன் புடிச்சுக்கிட்டான். "நீ கம்முனு இருந்திருந்தா நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தராவது பிளேன் ஏறியிருப்போம்ல?"

சாரும் வந்தாரு. "என்கிட்ட தனியா சொல்லியிருக்கலாமேம்மா."

"எப்ப சார்? நீங்க பேரு போடறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

அந்தச் சிநேகிதன் சாயங்காலம் டீ வாங்கிக் கொடுத்தான். "பென்டிரைவ் பத்திரமா இருக்குல்ல?"ன்னு அமலி கேட்டா. "இருக்கு"ன்னான். அது நேசன் கையில இருந்துச்சு, இவனே கொண்டு போய்க் கொடுத்தது.

இப்ப சொல்லுங்க. இதுல அமலிக்குப் பெரிய துரோகம் பண்ணினது யாரு? எடுத்துப் பேசின நேசனா? தெரிஞ்சும் கண்ணாடி தொடைச்ச சாரா? கொண்டு போய்க் கொடுத்த சிநேகிதனா?

பதில்: அது அமலியோடதுன்னு நேசனுக்குத் தெரியும், அதுல தப்பு இருக்குன்னு தெரியாது. சாருக்கும் அவ்வளவுதான். ரெண்டும் தெரிஞ்சவன் அந்தச் சிநேகிதன் ஒருத்தன்தான். தப்பைப் பத்தி நேசன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம கொடுத்தான், யாரு மாட்டினாலும் சரின்னு. அதனால அவன்தான். "அமலிதான் வாங்கிட்டு வரச் சொன்னா"ன்னு நேசன் வந்து கேட்டான், நம்பிட்டேன்னு அப்ப உங்க எல்லார்கிட்டயும் சொன்னேன்ல? பொய்டா. அவன் கேக்கவே இல்ல, நானாத்தான் கொண்டு போனேன். நான் பாதியில விட்டதை அவ முடிச்சிருவாளேன்னு வயிறு எரிஞ்சுது. கொடுத்துட்டேன்.