மெழுகறை இளவரசி

காட்டோரத்து மருதமரப் பொந்தில் ஒரு தேன்கூடு இருந்தது. அதன் கிழட்டு ராணி, பாதிக் கூட்டத்தோடு வேறு மரம் பார்த்துப் பறந்துவிட்டாள். மிச்சமிருந்த தேனீக்களுக்கு இரண்டு இளவரசிகள். மூத்தவள் வாகை முதலில் வெளியே வந்தாள். இளையவள் இலுப்பை இன்னும் மூடிய மெழுகறைக்குள் இருந்தாள்.

வந்ததும் வராததுமாக வாகை கொடுக்கை நீட்டிக்கொண்டு தங்கையின் அறைக்குப் பாய்ந்தாள். "ஒரு கூட்டுக்கு ஒரு ராணிதான்! தள்ளு!"

காவல் தலைவி நொச்சி குறுக்கே நின்றாள். "முதல்ல வெளியே பறந்து மணம் முடிச்சுத் திரும்பி வாங்கம்மா! அப்புறம் பேசிக்கலாம்!"

வாகை முறைத்துவிட்டு விர்ரென்று பறந்தாள். உள்ளே இலுப்பைக்குப் புல்லரித்தது. எனக்காக எப்படி நிற்கிறாள்!

நொச்சி, அறையின் சின்னத் துளை வழியே தேன் ஊட்டினாள். "குடிங்க, எங்க தங்கமே! வெளியே பஞ்சுருட்டான் குருவி உட்கார்ந்திருக்கு. தேனீயைக் கண்டா லபக்! அக்கா திரும்பலைன்னா நீங்கதான் மகாராணி!"

அவள் நகர்ந்ததும் செவிலித் தேனீ தும்பை துளையருகே வந்து கிசுகிசுத்தாள். "இளவரசி, மூடி மெல்லிசாத்தான் இருக்கு. இப்பவே கடிச்சு வெளியே வந்துடு! உன்கூட வர நாங்க கொஞ்சப் பேர் இருக்கோம். வேற மரம் பார்த்துக்கலாம்!"

"திருடி மாதிரி ஓடணுமா? நொச்சியே வந்து மரியாதையாத் திறப்பா!"

"அவளுக்கு வேண்டியது ஒரு ராணி. அது நீயாத்தான் இருக்கணும்னு இல்லை!"

"போடி, பொறாமைக்காரி!"

தும்பை போய்விட்டாள்.

பொழுது சாயும் முன் வாகை திரும்பினாள். மணம் முடிந்திருந்தது. "மகாராணி வாழ்க!" என்று பொந்தே அதிர்ந்தது. நொச்சியின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

"என் தங்கை?" என்றாள் வாகை.

"எந்தத் தங்கை, மகாராணி?"

"அந்த அறைக்குள்ள இருந்தாளே!"

"அதுவா? வெறும் பழைய மெழுகு!"

வாகை சிரித்தாள். "அப்படியே இருக்கட்டும்."

இலுப்பை மூச்சைப் பிடித்துக்கொண்டாள். என்ன கெட்டிக்காரி இந்த நொச்சி! என்னைக் காப்பாற்ற எப்படி ஒரு பொய் சொல்கிறாள்!

பழகிய காலடி நெருங்கியது. இலுப்பை ஆசையாக நாக்கை நீட்டினாள். துளை வழியே தேன் வரவில்லை. மெழுகு வந்தது.

"நொச்சி! நான் உள்ளேதான் இருக்கேன்!"

"யாரோ கத்துறாப்பல இருக்கே?" என்றாள் பக்கத்தில் இருந்த தேனீ.

"காத்துடி. இன்னும் கொஞ்சம் மெழுகு கொண்டா!"

தன் தேவைக்காக நம்மைப் பொத்தி வைப்பவரின் உபசாரத்தை அன்பென்று நம்பினால், அந்தத் தேவை தீரும் நாளில் நாமும் தீர்ந்துபோவோம்.